கஞ்சி, கூலி, நிலம்: தாது வருடப் பஞ்சம் கேட்கும் கேள்வி

"பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மதம் மாறியவர்கள்தானே நீங்கள்?" தலித் கிறிஸ்தவர்கள் பலர் பள்ளியிலோ, வேலை செய்யும் இடத்திலோ ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய ஏளனம் இது. வெள்ளைக்காரன் காலத்தில் இதற்கு 'அரிசிக் கிறிஸ்தவர்' என்று பெயர். இப்படிச் சொல்கிறவர்களுக்கு இரண்டு லாபம். பசித்தவனுக்குச் சோறு போட்டவனைச் சூழ்ச்சிக்காரன் ஆக்கிவிடலாம். பசித்தவனுக்கு மானமும் இல்லை, சொந்தப் புத்தியும் இல்லை என்று நிறுவிவிடலாம். அவன் ஏன் பசியோடு இருந்தான் என்ற கேள்வி மட்டும் எழாமலே போய்விடும்.

இந்தப் பக்கம் திருச்சபைக்குள் வேறொரு பேச்சு. அநாதைகளை ஆதரியுங்கள், ஏழைகளுக்கு இரங்குங்கள் என்று பிரசங்கம் நடக்கிறது. கிறிஸ்துமஸ் வந்தால் சேரியில் போர்வையும் கேக்கும் கொடுக்கப்படுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் இங்கேயும் அந்தக் கேள்வி எழுவதில்லை. இவர்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள்? இந்தப் பிள்ளைகளை அநாதைகள் ஆக்கியது யார்?

இந்த இரு தரப்புக்கும் பதில் சொல்கிற வரலாறு நம்மிடம் இருக்கிறது. அது 1876இல் தொடங்குகிறது.

பஞ்சம் யாரைத் தின்றது?

நம் பாட்டன் பூட்டன் வாயில் 'தாது வருடப் பஞ்சம்' என்று பெயர் பெற்றது 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சுடுகாடாக்கிய பெரும்பஞ்சம். சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் பகுதிகள் என்று எல்லா இடத்திலும் மழை பொய்த்தது. இறந்தவர்கள் 50 இலட்சத்துக்கும் மேல் என்று பல மதிப்பீடுகள் சொல்கின்றன. மழை பொய்த்ததால் மட்டும் இத்தனை பேர் சாகவில்லை. பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறியது. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் நடந்தது. அதே மாதம் வைஸ்ராய் லிட்டன், பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் மண் சுமக்கிறவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று அவர் வகுத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். இந்த அளவில் உழைக்கிற உடம்பு நிற்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். 'டெம்பிள் கூலி' என்று அது இன்றும் வரலாற்றில் இழிபெயர் தாங்கி நிற்கிறது.

இந்தப் பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் யார்? நிலம் வைத்திருந்தவனிடம் குதிர் இருந்தது. வியாபாரியிடம் கிடங்கு இருந்தது. அன்றாடக் கூலியையும் களத்தில் அளந்து போடும் தானியத்தையும் நம்பி வாழ்ந்த சேரிக்கு எதுவும் இல்லை. வயலில் வேலை நின்ற அன்றே அங்கே அடுப்பும் அணைந்தது. மழை எல்லோருக்கும்தான் பொய்த்தது. ஆனால் எந்தத் தெரு முதலில் சாகும் என்பதைச் சாதியும் நிலவுடைமையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தன.

ஓங்கோலில் நடந்தது

ஓங்கோல் அன்று சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று ஆந்திராவில் இருக்கிறது. அங்கே தோல் தொழிலும் பறையடித்தலும் சுமத்தப்பட்டிருந்த மக்கள் மாதிகர்கள். நம் அருந்ததியர் மக்களோடு மொழியாலும் தொழிலாலும் உறவு சொல்லத்தக்கவர்கள். 1866இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப் ஓங்கோலில் குடியேறினார். ஆனால் மாதிகர்களின் கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கியவர் அவர் அல்ல. யர்ரகுண்ட்ல பேரய்யா என்ற மாதிகத் தோல் வியாபாரி தொடங்கினார். வியாபாரத்துக்காக வடக்கே போன இடத்தில் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஊர் திரும்பித் தன் மக்களிடம் பேசத் தொடங்கியவர் அவர். கிளஃப் அந்த மக்களைத் தேடிப் போனார் என்பதைவிட, அந்த மக்கள் கிளஃபைத் தேடி வந்தார்கள் என்பதே சரி.

அப்போது கிளஃபின் பள்ளியில் ஆதிக்கச் சாதிப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மாதிகர்களைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பெரியவர்கள் வந்து சொன்னார்கள். கிளஃபும் அவர் மனைவியும் தனித்தனியே பைபிளைத் திறந்தபோது, இருவர் கண்ணிலும் ஒரே பகுதி பட்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், உலகம் இழிவென்று தள்ளியவர்களையே கடவுள் தெரிந்துகொண்டார் என்று வருகிற பகுதி அது. மாதிகர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஆதிக்கச் சாதிப் பிள்ளைகள் வெளியேறினார்கள். 1867 ஜனவரி 1 அன்று எட்டுப் பேருடன் தொடங்கிய ஓங்கோல் சபையில், 1876 முடிவதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள் தோழர்களே, இவர்கள் வந்து சேர்ந்தபோது நிவாரணக் கஞ்சி என்ற பேச்சே இல்லை.

சேர்ந்தவர்களிடம் மூன்று கட்டுப்பாடுகள் சொல்லப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே, செத்த மாட்டுக் கறி தின்னாதே, சிலை வணங்காதே. மேலோட்டமாகப் பார்த்தால் இவை வெறும் மத விதிகள். ஊர்ச் சாதி அமைப்புக்குள் வைத்துப் பாருங்கள். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் போய் நிற்க வேண்டிய வெட்டி வேலைக்காரன், வாரத்தில் ஒரு நாள் வரமாட்டேன் என்கிறான். திருவிழாவுக்குப் பறையடிக்க வேண்டியவன், அடிக்கமாட்டேன் என்கிறான். இது வேலைநிறுத்தம் இல்லையா? ஊர்க்காரர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. அடி விழுந்தது, பொய் வழக்கு பாய்ந்தது, தண்ணீரும் வேலையும் மறுக்கப்பட்டன. மதம் மாறியதால் அவர்களுக்குச் சோறு கிடைத்தது என்கிறார்கள். பல ஊர்களில் இருந்த சோறும் போனது என்பதே உண்மை.

பிறகு பஞ்சம் வந்தது. அரசின் நிவாரணத் திட்டமாகப் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலை நடந்தது. சென்னையில் இன்று சாக்கடையாக ஓடுகிற அதே கால்வாய்தான். அதற்குள் மறைந்துகிடக்கும் உழைப்பு பஞ்சத்தில் மெலிந்த கூலிகளுடையது. அங்கேயும் ஆதிக்கச் சாதி மேஸ்திரிகளின் கீழ் மாதிகர்கள் அவமானப்பட்டார்கள், ஏய்க்கப்பட்டார்கள். இளமையில் நில அளவையாளராக வேலை பார்த்த கிளஃப், சுமார் மூன்றரை மைல் நீளக் கால்வாயைத் தாமே ஒப்பந்தம் எடுத்தார். உள்ளூர்ப் போதகர்களை மேற்பார்வைக்கு வைத்தார். வெட்டிய மண்ணுக்கு ஒழுங்காகக் கூலி அளந்தார். கிறிஸ்தவர், கிறிஸ்தவர் அல்லாதவர் என்று பார்க்காமல் ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை செய்து உயிர் பிழைத்தார்கள்.

இங்கேதான் 'அரிசிக் கிறிஸ்தவர்' கதை உடைகிறது. நிவாரணம் நடந்த சுமார் பதினைந்து மாதங்கள் கிளஃப் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கூலிக்காகச் சேர்ந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று நிறுத்திவைத்தார். 1878 நடுவில் நிவாரணம் முடிந்தது, கொடுக்கப் பணமும் இல்லை. அப்போதுதான் மக்கள் திரண்டு வந்தார்கள். பண உதவி கேட்டு வரவில்லை, எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அவர்கள் கேட்டது என்று கிளஃப் எழுதிவைத்திருக்கிறார். 1878 ஜூலை 3 அன்று, வெல்லம்பள்ளி அருகே குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுத்தது கிளஃப் அல்ல. ஆறு உள்ளூர்ப் போதகர்கள், ஒரு நேரத்தில் இருவராக மாறி மாறி ஆற்றில் இறங்கிக் கொடுத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 9,606 ஆனது.

அரிசி கிடைத்துக்கொண்டிருந்தபோது கதவு மூடியிருந்தது. அரிசி நின்ற பிறகு திறந்த கதவில் இவர்கள் நுழைந்தார்கள். அப்படியானால் இவர்கள் தேடியது என்ன? சாவு நடந்த காலத்தில் தன்னை மனிதனாக நடத்தியது யார் என்று அவர்கள் பார்த்துவைத்திருந்தார்கள். கூலியை ஏய்க்காமல் அளந்த கை எது, ஏய்த்த கை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பசித்தவனுக்கும் கண் உண்டு, கணக்கும் உண்டு.

அநாதை எங்கிருந்து வருகிறான்?

பஞ்சம் முடிந்தபோது தென்னிந்தியா முழுவதும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நின்றார்கள். மிஷன்கள் அவர்களுக்காக விடுதிகள் திறந்தன. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்கு 1876இல் வந்த ஆர்தர் மர்காஷிஸ், பஞ்சத்தில் தனித்துவிடப்பட்ட பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். 1878இல் அங்கே கைத்தொழிற்பள்ளி உருவானது. பிள்ளைக்குச் சோறு போட்டதோடு நிற்காமல், கையில் ஒரு தொழிலையும் கொடுத்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. குலத்தொழில்தான் விதி என்றிருந்த நாட்டில், ஒரு பிள்ளைக்கு விரும்பிய தொழிலைக் கற்றுக்கொடுப்பது சிறிய காரியம் அல்ல. இந்த உழைப்பை நாம் மதிக்க வேண்டும்.

ஆனால் வரலாறு படிக்கிறவன் இன்னும் ஓர் அடி பின்னால் போக வேண்டும். அந்தப் பிள்ளையின் அப்பன் எப்படிச் செத்தான்? தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தில் ஒரு குழி நிலம்கூட அவன் பெயரில் இல்லை. குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குப் படியாளாக எழுதிக்கொடுத்தவன் அவன். பஞ்சம் வந்ததும் மிராசுதார் படியளப்பதை நிறுத்தினால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது. அந்தக் குடும்பத்திடம் இரண்டு ஏக்கர் நிலம் இருந்திருந்தால், எத்தனை விடுதிகள் தேவைப்படாமலே போயிருக்கும்? அநாதை விடுதி இந்தக் கேள்விக்கு விடை தராது. அது பிழைத்த பிள்ளைக்கு மட்டுமே கூரை தரும்.

செங்கல்பட்டில் கேள்வி மாறியது

இந்தக் கேள்வி அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செங்கல்பட்டில் எழுந்தது. எழுப்பியவர்கள் பறையர் மக்கள். கூலித் தகராறு, மனைத் தகராறு, மிராசுதாரின் அடி என்று ஒவ்வொரு பிரச்சினைக்கும் அவர்கள் மிஷனரிகளின் வாசலில் போய் நின்றார்கள். ஆன்மாவைத் தேடி வந்த மிஷனரிகளின் கையில் மனுவையும் வழக்கையும் திணித்தவர்கள் அவர்கள்தான். முதலில் தயங்கியவர்களும் போகப்போகப் புரிந்துகொண்டார்கள். ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி போன்றவர்கள் பறையர்களின் நிலமின்மையைப் பற்றி எழுதவும் பேசவும் தொடங்கினார்கள்.

அங்கே இருந்த சிக்கல் இதுதான். அரசுத் தரிசு நிலத்துக்கு யார் வேண்டுமானாலும் 'தர்காஸ்து' மனுப் போடலாம் என்பது ஏட்டில் இருந்தது. ஆனால் செங்கல்பட்டில் மிராசுதாருக்கு முன்னுரிமை. பறையர் ஒருவர் தரிசுக்கு மனுப் போட்டால், அதுவரை அந்த நிலத்தைத் திரும்பிப் பார்க்காத மிராசுதார் உடனே எனக்கு வேண்டும் என்று வந்து நிற்பார். நிலம் அவருக்குப் போய்விடும். அவருக்கு நிலம் தேவையில்லை. பறையனுக்கு நிலம் கிடைத்துவிட்டால் நாளை தன் வயலில் யார் இறங்குவான் என்பதுதான் அவர் கவலை.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மனை உரிமை இல்லாமை, படியாள் அடிமைத்தனம், தர்காஸ்து முறையில் நடக்கும் அநியாயம், கல்வி இல்லாமை என்று அத்தனையும் அதில் இருந்தது. மிஷனரிகள் கொடுத்த தகவலும் அழுத்தமும் அதன் பின்னணியில் இருந்தன. அரசு அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறையின் 1010 மற்றும் 1010ஏ எண் அரசாணைகள் வந்தன. நாம் இன்று 'பஞ்சமி நிலம்' என்று சொல்வதன் தொடக்கம் அங்கேதான். ஆண்ட்ரூ 1893இல் செங்கல்பட்டுப் பகுதியில் மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தை உருவாக்கினார்.

கஞ்சித் தொட்டியில் தொடங்கிய பயணம், கால்வாய்க் கரையில் நியாயமான கூலியைக் கண்டு, தர்காஸ்து மனு வரை வந்துசேர்ந்தது. இரக்கம் உரிமையாக மாறிய பாதை இது. ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த படிக்குத் தள்ளியவர்கள் உதவி பெற்றவர்களாகச் சொல்லப்படும் அதே மக்கள்தான்.

சபைக்குள் இருந்த சேரி

இதைச் சொல்லிவிட்டு மிஷன்களுக்கு மாலை போட்டு நிறுத்திக்கொள்ள முடியாது. சாதி, தேவாலய வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் கழற்றப்படவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் எதிர்த்து வெளியேறினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எழுந்தது. செத்த பிறகும் சேரி தனி. கிறிஸ்தவரான தீண்டத்தகாதோர் பற்றி எழுதிய அண்ணல் அம்பேத்கர், மிஷன்கள் கட்டிய பள்ளி, மருத்துவமனைகளின் பலன் பெரும்பாலும் உயர்சாதி இந்துக்களுக்கே போய்ச் சேர்ந்தது என்று குற்றம் சாட்டினார். ஏழைக் கிறிஸ்தவனுக்குப் பிரசங்கம், வசதியுள்ளவனுக்குக் கல்லூரி என்ற நிலையை அன்றே அவர் கண்டார். நாம் இன்றும் காண்கிறோம்.

அரசின் பங்கு இன்னொரு பக்கம். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். சாதி வெறியன் அடிக்க வரும்போது ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்பதில்லை. சலுகை கொடுக்கும்போது மட்டும் அரசு கேட்கிறது.

ஐந்தாம் அதிகாரம்

அநாதைகளுக்கு உதவுவது பற்றிய பிரசங்கங்களில் தவறாமல் வருவது யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம். ஆதரவற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் துன்பத்தில் கவனிப்பதுதான் மாசற்ற பக்தி என்ற பொருளில் வருகிற பகுதி. அருமையான வார்த்தை. ஆனால் அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எத்தனை பேர் பிரசங்கிக்கிறார்கள்? வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரல் இடுகிறது என்று பணக்காரர்களைப் பார்த்துச் சீறுகிற பகுதி அது. ஒரே மனிதர், ஒரே கடிதம். முதல் அதிகாரத்தில் வரும் அநாதை எப்படி உருவானான் என்பதற்கு ஐந்தாம் அதிகாரம் பதில் சொல்கிறது.

பழைய ஏற்பாட்டின் உபாகமம் 24ஆம் அதிகாரத்திலும் இதே பார்வை உண்டு. அறுவடையில் மறந்துபோன கதிர்க்கட்டை எடுக்க நிலக்காரன் திரும்பிப் போகக் கூடாது. அது பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது. கவனியுங்கள், இரக்கப்பட்டு வீட்டுக்குக் கூப்பிட்டுக் கொடு என்று அங்கே சொல்லவில்லை. விளைச்சலில் அவர்களுக்குப் பங்கு இருக்கிறது, அதில் கை வைக்காதே என்று சட்டம் சொல்கிறது. தருமம் கொடுப்பவன் நினைத்தால் நிறுத்தலாம். பங்கை நிறுத்த முடியாது.

ஆகவே, படிக்கிற தோழர்களுக்கும் களத்தில் நிற்கிற தோழர்களுக்கும் சொல்ல வேண்டியது இதுதான். யாராவது 'பால் பவுடர்' என்று ஏளனம் செய்தால் கூனிக் குறுக வேண்டாம். குண்ட்லகம்மா ஆற்றையும் அந்தப் பதினைந்து மாதங்களையும் எடுத்துச் சொல்லுங்கள். யாராவது போர்வையோடு சேரிக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், குளிருக்கு அது தேவை. வாங்கும்போதே கேளுங்கள்: எங்கள் ஊர்ப் பஞ்சமி நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது? திருச்சபைச் சொத்தில், பள்ளியில், பேராயர் மன்றத்தில் எங்கள் பங்கு எவ்வளவு? தலித் கிறிஸ்தவர் பட்டியல் உரிமைக்காக நீங்கள் எங்களோடு தெருவில் நிற்பீர்களா?

கேட்பதற்கு விலை உண்டு என்பதும் நமக்குத் தெரியும். ஆண்ட்ரூ மனு எழுதிய அதே செங்கல்பட்டில், ட்ரெமன்ஹீர் அறிக்கைக்கு நூறாண்டு கழித்து, 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் காவல்துறை சுட்டது. இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. அந்தப் பெயர்களைச் சேர்த்தே சொல்லிப் பழகுவோம். ஒரே நிலத்துக்காக, ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள். அவர்கள் கேட்டது கஞ்சி அல்ல, நிலம்.

ஜெய் பீம்.